ஷிஃப்டு விடுகிற நேரம்

ஞாயிற்றுக்கிழமை ரோட்டு வேலை கிடையாது. டிப்பர் லாரிகள் எல்லாம் பங்காருபேட்டை ஷெட்டில் நின்றன. ரோலர் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அப்படியும் மத்தியானம் சாய்ந்ததும் ஆகாஷின் போனில் அந்த எண் ஏற ஆரம்பித்தது.

அவன் வேலையே அந்த எண்ணைப் பார்ப்பதுதான். பெரிய ரோட்டோடு தங்கவயலைச் சேர்க்க ஒரு இணைப்பு ரோடு போடுகிறார்கள். ஜல்லி உடைக்க, தார் காய்ச்ச, மண் அடிக்க எவ்வளவு டீசல் எரிகிறது, அதிலிருந்து எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்று அளக்க வேண்டும். அளந்தால் போதாது, குறைக்கவும் வேண்டும். அப்படி ஒரு நிபந்தனையோடுதான் ரோட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஆகாஷின் ஆபீஸ் பெங்களூரில். ஊர்க்காரன் என்பதால் இந்த ரோட்டை அவன் தலையில் கட்டினார்கள். அவனுக்கும் கசக்கவில்லை. விடியுமுன் ரயிலில் தொங்கிக்கொண்டு போவது பாதி நாள் குறைந்தது.

ரோடு போகும் பாதையில் மூன்று இடங்களில் மீட்டர் பெட்டி மாட்டியிருந்தான். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று அது போனுக்குச் சொல்லும். சாதாரணமாக நானூறு சொச்சம் காட்டும். லாரிகள் இஞ்சினை அணைக்காமல் நின்றால் கொஞ்சம் ஏறும். இரண்டு பெட்டிகள் ஒழுங்காக இருந்தன. கடைசி லைனில், வினோலியா ஆன்ட்டி வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டிதான் கொஞ்ச நாளாகச் சரியில்லை. தினமும் மத்தியானத்துக்கு மேல் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறும். பொழுது இறங்கியதும் அடங்கும்.

டிப்பர் டிரைவர்கள் மேல்தான் அவனுக்குச் சந்தேகம். நாள் தவறாமல் அவர்களிடம் போய், "நின்னா இஞ்சின ஆஃப் பண்ணுங்கண்ணா" என்று கத்திக்கொண்டிருந்தான். அவர்கள் அவனுக்கு 'ஆஃப் பண்ணு சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இன்று கத்துவதற்கு ஆள் இல்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஆகாஷ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கடைசி லைன் என்பது ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள். பாதி வீடுகளுக்குப் பூட்டு. அதற்குப் பின்னால் சயனைடு மேடு, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், சாம்பல் நிறத்தில், ஒரு புல் கூட இல்லாமல். பக்கத்தில் கல் மேடு. மைன்ஸ், தங்கச் சுரங்கம், ஓடிய காலத்தில் கீழிருந்து ஏற்றிக் கொட்டிய கல். அந்தக் கல்லைத்தான் இப்போது அள்ளி ரோட்டுக்கு அடியில் போடுகிறார்கள். அது ஆகாஷ் சொன்ன யோசனை. தூரத்து குவாரியிலிருந்து ஜல்லி வருவதைவிட இங்கேயே இருக்கும் கல்லை அள்ளினால் டீசல் பாதி மிச்சம். ஆபீசில் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். அவன் அப்பா கோவிந்தசாமி கீழே வெட்டி மேலே அனுப்பிய கல்லும் அதில் இருக்கும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கல் இப்போதுதான் நகர்கிறது.

வினோலியா ஆன்ட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா ஆஃப் பண்ணு சார், ஞாயித்துக்கெழம கூட பொட்டியப் பாக்க வந்துட்டியா?"

"நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா ஆன்ட்டி? நம்பரு ஏறிக்கினே போவுது. எதனா வண்டி வந்துச்சா?"

"வண்டியா? கோழி கூட ரோட்டத் தாண்டல."

"வீட்ல வெறகு கிறகு எரிக்கிறீங்களா?"

"நா ஒருத்தி திங்கறதுக்கு வெறகு வேறயா? கேஸ் அடுப்புடா. அதுவும் காத்தால ஒருவாட்டி பத்த வெச்சா அவ்ளோதான்."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒன்னு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அவரு வர்றாருடா."

அவர் என்றால் அவள் புருஷன் ஏசுபாதம். ஆகாஷ் கைக்குழந்தையாக இருந்தபோது, சுரங்கத்தின் அடியில் ஒரு லெவலில் ஏர் பிளாஸ்ட் ஆகிப் பாறை வெடித்துச் சரிந்ததில் மாட்டிக்கொண்டவர். எடுக்க முடியவில்லை. அந்த லெவலையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். கல்லறையில் பேர் எழுதின சிலுவை இருக்கிறது. அடியில் ஆள் இல்லை. அதனால் கல்லறைத் திருநாளுக்குக்கூட ஆன்ட்டி அங்கே போகமாட்டாள்.

அவள் அவனை உள்ளே கூப்பிட்டுப் போய்க் காட்டினாள். ஒரே அறை. மூலையில் தரையோடு தரையாக ஒரு மரப்பலகை. அதன்மேல் மாதா படம், ஏசுபாதத்தின் போட்டோ, அணைந்த மெழுகுவர்த்தி. ஜன்னல் சந்துகளில் பழைய துணியைத் திணித்து அடைத்திருந்தாள்.

கடைசி லைனில் ஒரு பழக்கம் இருந்தது. ஆகாஷின் அம்மா சரோஜாவும் புத்தர் படத்துக்கு முன்னால் அதைச் செய்தவள்தான். புருஷன் ஷிஃப்டுக்கு இறங்கினால் பெண்டாட்டி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். மேலே வந்தவன் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றும் முன்னே, அதை வாயால் ஊதி அணைப்பான். வேறு யாரும் அணைக்கக் கூடாது. குழந்தை தெரியாமல் ஊதிவிட்டால்கூட அடி விழும். ஏசுபாதம் வராத அன்று, ஆன்ட்டி ஏற்றியது உருகித் தானாகத் தீர்ந்தது. அதிலிருந்து அவள் தினமும் காலையில் ஒன்று ஏற்றினாள். தினமும் அது தானாகத் தீர்ந்தது.

"இப்போ தீர மாட்டேங்குது. பாதியிலயே அணையுது. தெனிக்கும் அதே நேரந்தான், காத்தால ஷிஃப்டு முடிச்சி வூட்டுக்கு வர்ற நேரம். மொத நாளு காத்துன்னு நெனச்சேன். சன்னல மூடுனேன், அணைஞ்சிச்சி. துணி வெச்சி அடைச்சேன், அப்பவும் அணைஞ்சிச்சி. தலைகூட கிர்ருனு வருதுடா. கிட்ட நிக்கறாரில்ல."

ஆகாஷ் பலகைக்குப் பக்கத்தில் போனான். குனிந்து அந்தத் திரியைப் பார்த்தான். நுனி கறுத்து, நேராக நின்றது. குனிந்த இடத்தில் மூச்சு கொஞ்சம் கனமாக இருந்தது. நிமிர்ந்ததும் சரியானது.

"எப்போலேர்ந்து ஆன்ட்டி?"

"கல்லு ஏத்த உங்க வண்டிங்க இந்தப் பக்கமா ஓட ஆரம்பிச்சதிலேர்ந்து. கல்லெல்லாம் கலைச்சிட்டீங்களே, வழி கெடச்சிருக்கும் அவருக்கு."

வெளியே வந்து போனைப் பார்த்தான். எண் இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. சுவருக்கு அடியில் காதை வைத்தால் ஏதோ கேட்கும் போலிருந்தது. வைக்கவில்லை.

மறுநாள் காலையில் சைட் இன்ஜினியர் சாம்ராஜைப் பிடித்தான். சாம்ராஜ் பங்காருபேட்டைக்காரர். காண்ட்ராக்டருக்காக ரோட்டைப் பார்த்துக்கொள்பவர். எப்போதும் வாயில் ஏதாவது மென்றுகொண்டிருப்பார்.

"சார், கடைசி லைன் பின்னாடி ஆளுங்க கீழ எறங்கின பழைய ஷாஃப்ட் ஒன்னு இருந்ததில்ல? மேல காங்கிரீட் மூடி போட்டு."

"இருக்கு. அது மேலதான் டிப்பர் போவுது. மண்ணு அடிச்சி ரோலர் உட்டு செமயா ரெடி பண்ணிக் குடுத்தேனே. நீ போட்டுக் குடுத்த ரூட்டுதானேப்பா? சுத்திக்கினு போனா டீசல் ஜாஸ்தி ஆவுதுன்னு."

"அந்த மூடியில ஒரு இரும்பு பைப்பு நின்னுக்கினு இருந்துச்சே."

"வெட்டி எடுத்துட்டோம். டிப்பர் எப்படிப் போவும் அது நடுவுல நின்னா? துருப்புடிச்ச பைப்பு. சும்னே எதுக்கு அதெல்லாம் கேக்கற?"

ஆகாஷ் அந்த மண் பாதையைப் பார்த்தான். ரோலர் ஓடி வழவழவென்று, தரை போட்டதுபோல இருந்தது. சின்ன வயதில் அந்தப் பைப்பின் வாயில் காகிதத்தைப் போட்டு விளையாடியிருக்கிறார்கள். சில நேரம் காகிதம் மேலே எழும்பும். சில நேரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பேய் மூச்சு விடுகிறது என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள்.

அவனுக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. கீழே மைல் கணக்கில் வெட்டிய சுரங்கம். அதில் கெட்டுப்போன காற்று. மத்தியானத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் இறங்கும்போது கீழே இருப்பது மேலே வரும். இத்தனை வருஷம் அந்தப் பைப்பு வழியாக வந்து வெளியில் கரைந்துகொண்டிருந்தது. பைப்பை வெட்டி, மேலே மண்ணை அடித்து இறுக்கிவிட்டார்கள். அது வேறு வழி தேடியது. பழைய சாக்கடை வழியாகவோ, வெடிப்பு வழியாகவோ, ஆன்ட்டி வீட்டுத் தரைக்கு வந்துவிட்டது. கனமான காற்று. தரையோடு தேங்கும். மெழுகுவர்த்தியை அணைக்கும். அங்கே படுத்தால் ஆளையும் அணைக்கும்.

அவன் டீசல் மிச்சம் பிடித்த ரூட் அது.

ஆபீசுக்கு போன் செய்து, தன் மேலதிகாரி மேடத்திடம் சொன்னான். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"ஆகாஷ், அது ரோட்டோட எமிஷன் இல்லையே. நம்ம கணக்குல அது எப்படி வரும்? பெட்டிய எடுத்து வேற பக்கம் மாட்டிடுங்க. டேட்டா சுத்தமாயிடும்."

"வீட்டுக்குள்ள வருது மேடம்."

"எழுதி அனுப்புங்க. யாருக்குச் சொல்லணுமோ நான் சொல்றேன். ஆனா பெட்டிய மாத்திடுங்க."

பெட்டியை அவன் மாற்றவில்லை. சாம்ராஜிடம் பைப்பைத் திரும்ப வைக்கச் சொன்னான். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் சாம்ராஜ்.

சாயங்காலம் ஆன்ட்டியிடம் போனான். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனான். அவள் வாசலில் உட்கார்ந்து, ஒரு பழைய டிபன் கேரியரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஷிஃப்டுக்கு எடுத்துப் போனது. கடைசியாக இறங்கிய அன்றைக்கு ஏனோ வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாராம்.

"நாளைக்கி அவரு போன நாளுடா. கதவ மூடிக்கினு பக்கத்துலயே ஒக்காரப் போறேன். அணைச்சா திரும்ப ஏத்துவேன். எத்தினி வாட்டி ஊதறாருன்னு பாக்கறேன்."

"கதவத் தொறந்து வெச்சிக்கோங்க ஆன்ட்டி."

"தொறந்தா காத்துல அணைஞ்சிச்சின்னு நீயே சொல்லுவ."

"ஆன்ட்டி, அது வந்து..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வருஷக்கணக்காக அவன் பார்க்காத முகம். தலையில் எண்ணெய் வைத்து வாரி, காதில் சின்னக் கம்மல் போட்டிருந்தாள்.

"இன்னாடா?"

"ஒன்னும் இல்ல. எங்க அம்மா உங்கள நாளைக்கி சாப்புடக் கூப்புட்டாங்க."

"நாளன்னைக்கி வர்றேன்னு சொல்லு."

பைப்பு வந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் பைப்பு வரவில்லை. ஆகாஷ் ஹாட் மிக்ஸ் பிளாண்டில் தார் காய்ச்சும் டீசலை அளந்துகொண்டிருந்தான். மத்தியானம் வானம் கறுத்தது. மழைக்கு முன்னால் காற்றழுத்தம் இன்னும் இறங்கும் என்பது நினைவுக்கு வந்ததும் போனைத் திறந்தான். எண் மூவாயிரத்தில் இருந்தது. பார்க்கப் பார்க்க ஏறியது. அது சுவருக்கு வெளியே. உள்ளே எவ்வளவு என்று சொல்ல ஆள் இல்லை.

அம்மாவுக்கு போன் போட்டான்.

"மா, ஓடிப் போய் வினோலியா ஆன்ட்டி கதவத் தட்டு. வெளிய இஸ்துக்கினு வா."

"இன்னாத்துக்குடா? இன்னைக்கி அவ யாரையும் உள்ள உட மாட்டா."

"கேஸ் வருதும்மா! போ!"

பைக்கை எடுத்தான். கடைசி லைன் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அம்மா கதவை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல 'இரு சரோஜா, வந்துட்டாரு'ன்னு சொன்னாடா. அப்பால சத்தமே இல்ல."

தோளால் இடித்தான். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே புகையில்லை, நாற்றமில்லை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஆன்ட்டி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கையில் தீப்பெட்டி. சுற்றிலும் தீக்குச்சிகள், தலை மட்டும் கருகி, எரியாமல் போனவை. தேய்த்த டிபன் கேரியர் பலகைமேல் மின்னியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, அக்குளில் கை கொடுத்து இழுத்தான். அம்மா காலைப் பிடித்தாள். மழையில் கொண்டுவந்து போட்டார்கள். சரோஜா அவள் கன்னத்தில் அறைந்து அறைந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் போலிருந்தது. பிறகு ஆன்ட்டி இருமினாள். கண்ணைத் திறந்தாள்.

"யாரு கதவத் தொறந்தது?"

"நான்தான் ஆன்ட்டி."

"பாவி. கையப் புடிச்சிட்டாருடா."

ஆகாஷ் சேற்றில் உட்கார்ந்தான். இனிமேல் மறைக்க முடியாது.

"அது அவரு இல்ல ஆன்ட்டி. கேஸ். ஷாஃப்ட்லேர்ந்து வருது. பைப்ப வெட்டிட்டாங்க. நான் போட்ட ரூட்டுக்காக வெட்டிட்டாங்க."

அவள் சிரித்தாள். மழைத் தண்ணி வாயில் போனது.

"எனக்குத் தெரியாதா? மைன்ஸ்காரன் பொண்டாட்டிடா நானு. குச்சி எரியாத எடத்துல நிக்கக் கூடாதுன்னு கல்யாணமான புதுசுலயே சொன்னவரு அவரு. மொத வாரமே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சா? தெரிஞ்சிக்கினே..."

"எந்த ஷாஃப்ட்லேர்ந்து வருது, சொல்லு."

அவன் ஷாஃப்ட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அவளே சொன்னாள்.

"அவரு எறங்கின ஷாஃப்ட்டு. அவரு கீற எடத்துலேர்ந்து வர்ற காத்து. சுவர் கட்டி மூடுனாங்களே, யாருக்காவது இத்தினி வருசத்துல ஒரு பொட்டு மேல வந்துச்சா? எனக்கு வந்துச்சி. அதப் போயி அடைக்கப் போறியா நீ?"

சரோஜா அவளைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். "வாய மூடுடி லூசு," என்று சொல்லி அவளே அழுதாள்.

இரண்டே நாளில் பைப்பு வந்தது. ஆள் செத்திருந்தால் தன் தலைதான் உருளும் என்று சாம்ராஜுக்குப் புரிந்துவிட்டது. மண்ணைத் தோண்டி, மூடியின் ஓட்டையைத் திறந்து, ஆள் உயரத்துக்குப் புதுப் பைப்பு நிறுத்தினார்கள். டிப்பர்கள் பழையபடி கல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய், பைப்புக்கு எதிரே ரோட்டோரம் வரிசையில் நின்று கல்லைக் கொட்டின. டீசல் கூடியது. ஆகாஷின் கணக்கில் அந்த மாதம் எண்கள் மேலே போயின. மேடம் ஏன் என்று கேட்டார். சொன்னான். "நல்ல வேலை செஞ்சீங்க," என்றார். பிறகு, "அப்போ அந்தக் காத்து, அது யாரோட எமிஷன்னு போடறது?" என்று கேட்டார்.

சுவரில் இருந்த பெட்டி நானூறு சொச்சத்துக்கு இறங்கியது. ஆன்ட்டி வீட்டு மெழுகுவர்த்தி அணையவில்லை.

அவள் அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். அவன் போகும்போது கதவைச் சாத்துவாள். சரோஜா கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. தலை வாருவதில்லை, கம்மலைக் கழற்றிவிட்டாள் என்று அம்மா சொன்னாள். "மெழுவத்தி தீர்ற வரைக்கும் அதையே பாத்துக்கினு கீறாடா. அன்னைக்கி எப்டி இருந்தாளோ அப்டியே."

ஆகாஷ் பெட்டியைக் கழற்றிப் பைப்பின் வாயில் கட்டினான். ஆபீசில் யாரும் அவனிடம் கேட்காத கணக்கு. போனில் அது வரைந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். மத்தியானத்தில் எண் குதித்து ஏறும். பொழுது சாய்ந்தால் இறங்கும். விடிந்து வெயில் ஏறும்போது வேறு மாதிரி ஆகும். அழுத்தம் கூடி, பைப்பு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒருநாள் காலையில் கையை வைத்துப் பார்த்தான். உள்ளங்கையைப் பைப்பு மெதுவாக உறிஞ்சியது. எடுத்துக்கொண்டான். அன்று முழுக்க அந்தக் கை அவனுடையது மாதிரி இல்லை.

காலையில் உள்ளே போகிறது. மத்தியானம் வெளியே வருகிறது. காலை ஷிஃப்டு.

சொல்லலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தான். சொன்னால் அவளை இன்னும் அந்தக் குழியோடு கட்டிப்போடுவதாகும். சொல்லாவிட்டால் அவள் அந்த அறையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோவாள். கடைசியில் ஒரு காலையில் போய்க் கதவுக்கு வெளியே நின்று பேசினான்.

"ஆன்ட்டி, காலையில ஏத்தின மெழுவத்திய வீட்லயே வெச்சிட்டு மத்தியானம் பைப்புகிட்ட எடுத்துக்கினு வாங்க. குனியாதீங்க, நின்னுக்கினே மேல காட்டுங்க. நான் பக்கத்துல நிப்பேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

கதவு திறக்கவில்லை. அவன் போய்விட்டான்.

மத்தியானம் டிப்பர்கள் வரிசையில் நின்று இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தன. ஆன்ட்டி வந்தாள். கையை மடித்துச் சுடரைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. தலை வாரியிருந்தாள். பைப்பின் வாயருகே மெழுகுவர்த்தியை உயர்த்தினாள். சுடர் ஒருமுறை பின்னால் சாய்ந்தது, நிமிர்ந்தது, அணைந்தது. ஊதினால் எப்படி அணையுமோ அப்படி.

அவள் அங்கேயே நின்றாள். வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. இஞ்சின் சத்தம் பெரிதாக இருந்தது.

"சாப்ட்டியான்னு கேட்டேன்," என்றாள் அவனிடம். இத்தனை நாளில் முதல் பேச்சு. "அந்தச் சத்தத்துல எனக்கே கேக்கல. அவருக்கு எங்க கேக்கப் போவுது."

"இப்ப கேக்காது ஆன்ட்டி. இப்ப வெளிய வருது. எதனா சொல்லணும்னா காலையில வாங்க. அப்பதான் உள்ள எடுத்துக்கும்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறானா என்று பார்க்கிற பார்வை. பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அவள் டிபன் கேரியரோடு வந்தாள். பைப்பின் அடியில் அதை வைத்தாள். ரோட்டோரம் நான்கைந்து டிப்பர்கள் நின்றன. ஆகாஷ் கத்துவதற்காக அவற்றை நோக்கி ஓடினான். அவன் போய்ச் சேருவதற்குள் முதல் டிரைவர் எட்டிப் பார்த்து, பைப்பில் வாயை வைத்து நின்றவளைப் பார்த்து, சாவியைத் திருப்பினான். அடுத்தவனும் திருப்பினான். ஒவ்வொன்றாக அடங்கி, கல் மேடு வரைக்கும் சத்தம் இல்லாமல் போனது.

"மறந்துட்டுப் போயிட்டியே," என்று ஆன்ட்டி பைப்புக்குள் சொன்னாள். "ஜாக்கிரதையா எறங்கு."

குரல் உள்ளே போனது. ஆகாஷ் காது கொடுத்து நின்றான். கீழே எங்கேயும் அது முட்டித் திரும்பவில்லை.